உயிர்க்கரியும் வட சென்னைத் தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் வேதியியல் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், திருவொற்றியூர், எண்ணூர், மணலி, கொடுங்கையூர்ப் பகுதிகளின் குடியிருப்போர் கூட்டங்களிலும் பள்ளிக் கண்காட்சிகளிலும் உயிர்க்கரியைப் பற்றிப் பேசி வருகிறேன். அங்கே திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கரி தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்ற பாதிச் செய்தி வேகமாகப் பரவிவிட்டது. தண்ணீரிலிருந்து பிடித்த ஈயம் போன்ற நச்சு உலோகத்தைக் கரி என்ன செய்கிறது என்ற மீதிப் பாதியை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் கவலை.

உயிர்க்கரி என்பது என்ன? அடுப்புக்கரியும் அதுவும் ஒன்றா?

தேங்காய்ச் சிரட்டை, உமி, மரத்துண்டு போன்ற காய்ந்த கழிவைக் காற்று மிகக் குறைவாகப் புகும் கலத்தில் 300 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், எரியும் வாயுவும் தார் கலந்த ஆவியும் வெளியேறிவிட, கரிமம் மிகுந்த திடப்பொருள் எஞ்சுகிறது. பயோசார் என்று பலரும் அழைக்கும் இதைத்தான் தமிழில் உயிர்க்கரி என்கிறோம். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலங்கட்டையை அடுக்கி, மேலே மண் பூசிக் கரிமூட்டம் போடுகிறார்களே, அதற்குள் நடப்பதும் இதே மாற்றம்தான். அடுப்புக்கரி எரிப்பதற்காகச் செய்யப்படுவது. உயிர்க்கரியோ மண்ணில் இடுவதற்கும் நீரில் கரைந்தவற்றைப் பிடிப்பதற்கும், மூலப்பொருளும் வெப்பநிலையும் தெரிந்து செய்யப்படுவது.

வீட்டு வடிகட்டிகளில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் இன்னும் ஒரு படி மேலே போனது. அதை 800, 900 டிகிரியில் நீராவி கொண்டு துளைபடச் செய்கிறார்கள்; அதன் ஒரு கிராமுக்குள் 500 முதல் 1,500 சதுர மீட்டர் வரை உட்பரப்பு இருக்கும். உயிர்க்கரிக்குச் சில சதுர மீட்டரிலிருந்து சில நூறு சதுர மீட்டர் வரைதான். ஆனால் உலோகத்தைப் பிடிப்பதற்குப் பரப்பு மட்டும் போதாது என்பதால், இந்தக் குறைவை வைத்தே உயிர்க்கரியைத் தள்ளிவிட முடியாது.

நம் பகுதியில் கன உலோகங்கள் எங்கிருந்து வருகின்றன?

பல வழிகளில் வருகின்றன. நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், குரோமியம், பாதரசம் ஆகியவை சிறு அளவில் உண்டு. எண்ணூரில் 1970இல் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டாலும், அத்திப்பட்டுப் பக்கத்து வட சென்னை அனல்மின் நிலையம் இயங்கி வருகிறது. சாம்பற்குழம்பு கொண்டுசெல்லும் குழாய்களின் கசிவால் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது எண்ணூர் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவரும் முறையீடு. உலோக முலாம் பூசும் பிளேட்டிங் பட்டறைக் கழிவில் குரோமியமும் நிக்கலும், உடைக்கப்பட்ட பழைய பேட்டரிகளில் ஈயமும் உண்டு. பல வகைக் கழிவும் கலந்து கிடக்கும் குப்பை மேட்டின் அடியிலிருந்து கசியும் கறுப்பு நீரில் பல உலோகங்கள் கலந்திருக்கும். வீட்டுக்குள்ளேயே பழைய பித்தளைக் குழாய், பற்றுவைத்த இணைப்பு ஆகியவற்றிலிருந்தும் ஈயம் இறங்கக்கூடும்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 10500, ஒரு லிட்டரில் ஈயம் 0.01 மில்லிகிராமுக்கும், காட்மியம் 0.003 மில்லிகிராமுக்கும், பாதரசம் 0.001 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது என்கிறது. 9,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அந்த லாரி முழுவதிலும் சேர்த்து 90 மில்லிகிராம் ஈயம்தான் இருக்கலாம். அது நான்கைந்து அரிசி மணிகளின் எடை. இவ்வளவு சிறிய அளவைக் கண்ணாலும் நாக்காலும் அறிய முடியாது. குழந்தைகளைப் பொறுத்தவரை, இரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே, அது ஆபத்தா?

பாட்டிமார் வைத்திருந்த ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயத்தைக் கொண்டுதான். இங்கே நாம் பேசும் நச்சு உலோகம் காரீயம். தமிழில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுவதால் குழப்பம் வருகிறது. வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்து விற்றால் ஆபத்துத்தான் என்பதால், சொம்பை நம்பகமான இடத்தில் வாங்க வேண்டும்.

கரி உலோகத்தை எப்படிப் பிடிக்கிறது?

முக்கியமாக மூன்று வழிகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. கரியின் பரப்பில் ஆக்சிஜன் சேர்ந்த தொகுதிகள் ஒட்டியிருக்கின்றன. நேர்மின்னூட்டம் கொண்ட ஈயம், தாமிரம், காட்மியம் அயனிகளை அவை பற்றிக்கொள்கின்றன. கரியிலுள்ள பொட்டாசியமும் கால்சியமும் நீருக்குள் இறங்க, அவை விட்ட இடத்தில் உலோகம் போய் அமர்கிறது. கரியின் சாம்பலில் உள்ள கார்பனேட்டும் பாஸ்பேட்டும் உலோகத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகப் படிகின்றன. இவற்றில் எது முன்னே நிற்கும் என்பதை மூலப்பொருளும் வெப்பநிலையும் நீரின் காரத்தன்மையும் முடிவு செய்கின்றன.

சொல்லிப் புரியவைப்பதைவிட எளிதான சோதனை ஒன்றை மாணவர்களுக்குச் செய்து காட்டுவேன். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கரைத்தால் அதில் சுமார் 250 மில்லிகிராம் தாமிரம் இருக்கும். நிறமோ உற்றுப் பார்த்தால்தான் தெரியும் வெளிர் நீலம். அதிலிருந்து ஒரு சோதனைக் குழாயில் எடுத்து அமோனியாக் கரைசல் சில துளி விட்டால், மயில் கழுத்து நிறத்தில் ஆழ்ந்த நீலம் சட்டென்று எழும். மீதி நீரில் கழுவிக் காயவைத்த சிரட்டைக் கரித்தூள் 30 கிராம் போட்டு, அவ்வப்போது கலக்கி, ஓர் இரவு வைத்திருந்து வடிகட்டி, மறுநாள் அதே அமோனியாவை விட்டால் நீலம் ஏறக்குறைய எழுவதே இல்லை. வகுப்பில் கைதட்டல் இந்த இடத்தில் வரும்.

நான் காட்ட விரும்புவது அதற்கு அடுத்த படி. வடிகட்டிய கரியை எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அரைமணி நேரம் ஊறவைத்து, அந்த அமில நீரில் காரம் ஏறும்வரை அமோனியா சேர்த்தால், முன்தினம் காணாமற்போன அதே நீலம் திரும்பி வருகிறது. கைதட்டிய பிள்ளைகள் அப்போது சற்று நேரம் பேசாமல் நிற்பார்கள். தாமிரம் எங்கும் போகவில்லை. தண்ணீரில் இருந்தது கரிக்கு வந்தது, அமிலம் பட்டதும் கரியிலிருந்து மீண்டும் தண்ணீருக்கு வந்தது. இந்தப் பக்கத்தில் இனி வரும் விடைகள் எல்லாம் இந்த ஒரு சோதனையை ஒட்டியே நிற்கின்றன.

எல்லா உலோகங்களையும் உயிர்க்கரி ஒரே மாதிரி பிடிக்குமா?

பிடிக்காது. ஈயமும் தாமிரமும் நன்றாகப் பிடிபடும். காட்மியம், துத்தநாகம், நிக்கல் ஆகியவை அவற்றுக்குப் பின்னால்தான். பல உலோகங்கள் கலந்த நீரில் ஈயம் முந்திக்கொண்டு இடத்தை நிரப்பிவிட, காட்மியம் வெளியே நின்றுவிடக்கூடும்.

ஆர்செனிக்கின் கதை வேறு. நீரில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து, பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்ட அயனியாக இருக்கிறது. சாதாரணக் கரியின் பரப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டதாகவே இருப்பதால் இரண்டும் விலகுகின்றன. இரும்பு உப்பில் ஊறவைத்து, இரும்பு ஆக்சைடு படியவைத்த கரிதான் ஆர்செனிக்குக்கு உதவும். குரோமியத்திலும் இரண்டு வடிவங்கள் உண்டு. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் மிகுந்த நச்சு. அதுவும் எதிர்மின்னூட்ட அயனியாகவே நீரில் திரிகிறது. நல்ல அமிலத்தன்மையில் கரி அதற்கு எலக்ட்ரான் கொடுத்து, நச்சு குறைந்த மூன்று இணைதிறன் வடிவமாக மாற்றுகிறது. ஆனால் அந்த அமிலத்தன்மையிலேயே ஈயமும் காட்மியமும் கரியில் ஒட்டாது, ஏனெனில் ஹைட்ரஜன் அயனிகள் போட்டி போட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே உங்கள் நீரில் என்ன உலோகம் என்று தெரியாமல் எந்தக் கரி நல்லது என்று கேட்பது, நோய் தெரியாமல் மருந்து கேட்பதைப் போன்றது.

எந்தக் கழிவிலிருந்து செய்யலாம்?

வட சென்னையில் மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. தேங்காய்ச் சிரட்டையின் கரி கெட்டியானது, நீரோட்டத்தில் நொறுங்காது. இளநீர் மட்டையும் கரும்புச் சக்கையும் தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன. ஈரம் மிகுந்தவை என்பதால் நறுக்கி நன்றாகக் காயவைக்க வேண்டும். செங்குன்றத்து அரிசி ஆலைகளின் உமியில் ஐந்தில் ஒரு பங்கு சிலிக்கா மிகுந்த சாம்பலாகவே எஞ்சும் என்றாலும் அதன் கரியும் பயன்படும்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் கழிவுதான். இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் கால்சியம் கார்பனேட் நிறைந்திருப்பதால், அவற்றின் கரி ஈயத்தையும் காட்மியத்தையும் கரையாத கார்பனேட்டாகப் படியவைக்கிறது. மீன் முள்ளில் கால்சியம் பாஸ்பேட் உண்டு. ஈயம் பாஸ்பேட்டோடு சேர்ந்தால் உண்டாகும் கனிமம் மிகமிகக் குறைவாகவே கரையும். ஏலம் முடிந்த இடத்தில் நாறிக் கிடக்கும் பொருளுக்கு இவ்வளவு வேலை செய்யும் திறன் இருக்கிறது. கடல் உப்பைப் பல முறை நல்ல நீரில் கழுவிவிட்டு, வெயிலில் உலர்த்தி, பிறகு கரியாக்க வேண்டும்.

கொடுங்கையூர்க் குப்பையைக் கரியாக்கிவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீருமே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. சுமார் 340 ஏக்கரில் பல பத்தாண்டுகளாகக் குவிந்த குப்பையின் புகையையும் நாற்றத்தையும் சுவாசித்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தக் கலவைக் குப்பை உயிர்க்கரிக்கு ஏற்றது அன்று. அதில் பிவிசி நெகிழி இருக்கிறது. சூடாக்கினால் குளோரின் சேர்ந்த நச்சு வாயுக்களும் டையாக்சின்களும் உண்டாகக்கூடும். பேட்டரி, பெயின்ட், மின்னணுப் பொருட்களின் உலோகங்கள் கலந்திருக்கின்றன. கரியாகும்போது பொருளின் எடை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்க, உலோகமோ பெரும்பாலும் அப்படியே நின்று செறிவு மூன்று மடங்காகிவிடும். அந்தக் கரியை நீரில் போட்டால் அது உலோகத்தைப் பிடிப்பதற்குப் பதில் கொடுக்கத் தொடங்கும். மேட்டுக்குப் போகும் முன்பே, சந்தையிலும் இளநீர்க் கடையிலும் மீன் ஏலக்கூடத்திலும் தனியாகப் பிரித்து எடுத்த கழிவுதான் பயன்படும்.

எப்படிச் செய்வது? வீட்டு மொட்டை மாடியில் செய்யலாமா?

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை போன்ற நெருக்கமான தெருக்களில் தயவுசெய்து செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் ஆளை மயக்கிக் கொல்லக்கூடியது. தார் புகை அண்டை வீட்டுக் குழந்தையின் மூச்சில் போய்ச் சேரும். திறந்த வெளியில், பயிற்சி பெற்றவர் துணையோடு செய்யவேண்டிய வேலை இது.

செய்முறை சுருக்கமாக இதுதான்: 200 லிட்டர் இரும்பு டிரம்மின் அடியில் சிறு காற்றுத் துளைகள் இட்டு, காய்ந்த சிரட்டையை நிரப்பி, மேலிருந்து தீ மூட்டி, புகைபோக்கி பொருத்த வேண்டும். வெளியேறும் வாயு புகைபோக்கிக்குக் கீழே எரிந்துவிடுவதால் நன்றாகச் செய்தால் புகை குறைவாகவே இருக்கும். தழல் அடிவரை இறங்கியதும் துளைகளை அடைத்து, நீர் தெளித்து அணைக்க வேண்டும். அணைந்ததாகத் தோன்றும் கரி உள்ளுக்குள் கனன்று மறுநாள் பற்றிக்கொள்ளும் என்பதால், ஒரு நாளாவது வெளியில் பரப்பி வைத்தே மூட்டையில் கட்ட வேண்டும். 100 கிலோ சிரட்டைக்கு 25 முதல் 30 கிலோ கரி எதிர்பார்க்கலாம். நன்கு வெந்த துண்டு ஒன்றோடொன்று தட்டினால் உடைந்த ஓட்டைப் போலக் கணீரென்று ஒலிக்கும். விரலில் பிசுபிசுப்பு ஒட்டினால் தார் இன்னும் இருக்கிறது என்று பொருள். அரை முதல் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு உடைத்துச் சலித்து, கழுவும் நீர் தெளியும்வரை கழுவுங்கள். முதல் கழுவுநீர் சாம்பல் காரத்தால் சோப்புத் தண்ணீரைப் போல வழுக்கும்.

இஸ்திரி வண்டிக் கரியைப் பொடித்துப் பயன்படுத்தலாமா?

எந்த மரம், என்ன வெப்பநிலை, எதனோடு கலந்து கிடந்தது என்பது எதுவும் தெரியாத கரி அது. மேலே சொன்ன மயில்துத்தச் சோதனைக்குப் போதும். குடிநீர்ப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

வீட்டில் குடிநீரை உயிர்க்கரியால் வடிகட்டிக் குடிக்கலாமா?

வேண்டாம் என்றே சொல்வேன். கரி நிறைந்துவிட்டதா என்பதை வீட்டில் அறிய வழியில்லை. நிறைந்த கரி உலோகத்தை அப்படியே விட்டுவிடும். நீரின் தன்மை மாறினால் முன்பு பிடித்ததையும் உதறக்கூடும். ஈரக் கரியில் கிருமிகள் வளரவும் செய்யும். பரிசோதனையில் உலோகம் உறுதியானால், ஒழுங்காகப் பராமரிக்கப்படும் ஆர்ஓ கருவி அவற்றில் பெரும்பகுதியை நீக்கும். முடிந்தால் நீரின் மூலத்தையே மாற்றுவது அதைவிட நல்லது.

இங்கே நான்கு தவறான நம்பிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் ஆவியாவதால் செறிவு சிறிது கூடவே செய்யும். தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் கலங்கல் அடியில் படியும். கரைந்த உலோகத்துக்கு அதை நம்பியிருக்க முடியாது. விற்பனையாளர் தண்ணீரில் வைத்துக் காட்டும் டிடிஎஸ் மீட்டர், நூற்றுக்கணக்கான மில்லிகிராம் உப்பை அளப்பது, அதில் 0.01 மில்லிகிராம் ஈயம் கூடினாலும் குறைந்தாலும் எண் அசையாது. அடிபம்புத் தண்ணீர் மஞ்சளாக வருவது பெரும்பாலும் இரும்பால்தான். அதை வைத்து ஈயம் இருப்பதாகவோ இல்லாததாகவோ முடிவு கட்ட முடியாது.

ஒரு கிராம் கரி 50 மில்லிகிராம் ஈயத்தைப் பிடிக்கும் என்று போட்டிருக்கிறார்களே?

அந்த எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் எந்த நீரில் அளந்தார்கள் என்று கேட்க வேண்டும். ஆய்வகத்தில் பெரும்பாலும் லிட்டருக்கு 100 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் கலந்த தூய நீரில் அளப்பார்கள். காசிமேட்டில் வரத்து மிகுந்த நாளில் கூடை நிறைகிறது. வரத்து குறைந்த நாளில் அதே கூடை அடிமட்டத்தில் நிற்கிறது. கரியும் அப்படித்தான். லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் ஈயம் உள்ள நீரில் அதே கரி 50 மில்லிகிராமில் ஒரு சிறு பகுதியைத்தான் ஏற்கும். கால்சியம், மெக்னீசியம், சோடியம் மிகுந்த நம் பகுதி உப்பு நீரில் அது மேலும் குறையும்.

நேரமும் முக்கியம். ஒரு லிட்டர் கரிப் படுகையில் நீர் 20 நிமிடம் தங்க வேண்டுமென்றால், மணிக்கு மூன்று லிட்டருக்கு மேல் விடக் கூடாது. குழாயைத் திறந்ததும் சடசடவென்று கொட்டும் கரி வடிகட்டியில் உலோகம் எவ்வளவு பிடிபடும் என்பதை இதிலிருந்தே கணித்துவிடலாம்.

அப்படியானால் எங்கேதான் பயன்படும்?

உலோகம் எது என்று தெரிந்த, அளவு தெரிந்த, நீர் ஒரே வாய் வழியாக வெளியேறும் இடத்தில் பயன்படும். சிறு பிளேட்டிங் பட்டறை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆறு இணைதிறன் குரோமியம் உள்ள கழிவுநீரை அமிலமாக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்த்து மூன்று இணைதிறனாக்கி, சுண்ணாம்பு சேர்த்துச் சகதியாகப் படியவைப்பது வழக்கமான முறை. அதற்குப் பிறகும் நீரில் எஞ்சும் கடைசிச் சிறு அளவைப் பிடிக்க உயிர்க்கரிப் படுகை கைகொடுக்கும். நீர்நிலையில் விடப்படும் தொழிற்கழிவு நீருக்கு ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராம் என்பதே சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது வரம்பு. முதற்கட்டச் சுத்திகரிப்பைத் தவிர்த்துவிட்டுக் கரியை மட்டும் வைத்தால் படுகை சில நாளில் நிறைந்துவிடும். பிறகு செலவும் வீண், பக்கிங்காம் கால்வாய்க்குப் போவதும் நஞ்சே.

எண்ணூர்க் கழிமுகத்தைக் கரி போட்டுச் சுத்தம் செய்ய முடியுமா?

முடியாது. நீர் அலையேற்றத்தோடு உள்ளும் வெளியும் போய்வருகிறது, உப்பு மிகுந்தது, காட்மியம் போன்றவை உப்பின் குளோரைடோடு சேர்ந்து கரியின் பிடியிலிருந்து நழுவுகின்றன. உலோகத்தின் பெரும்பகுதி நீரில் இல்லாமல் அடிச்சேற்றில் கிடக்கிறது. அந்தச் சேற்றில் கைவிட்டுத் தடவி இறால் பிடிக்கும் மக்கள் இருக்கும்வரை, கரி இருக்கிறதே என்று சொல்லி யாரும் சாம்பல் கசிவையும் ஆலைக்கழிவையும் தடுப்பதைத் தள்ளிப்போட அனுமதிக்கக் கூடாது. கசிவை நிறுத்துவதும், படிந்த சாம்பலை முறையாக அகற்றுவதும்தான் அங்கே முதல் வேலை.

2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்த எண்ணெயை உயிர்க்கரி உறிஞ்சியிருக்குமா?

மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரவிய அந்த எண்ணெய் வேறு வகைப் பொருள். உயர் வெப்பநிலைக் கரி எண்ணெயை ஓரளவு உறிஞ்சும். ஆனால் எண்ணெயை மிதவைத் தடுப்பால் வளைத்து, மேலிருந்து அள்ளுவதே பயன் தரும் முறை.

பயன்படுத்திய கரியை என்ன செய்வது?

கூட்டங்களில் இந்தக் கேள்வி கடைசியில், பாதிப் பேர் எழுந்துபோன பிறகு வருகிறது. முதலில் வரவேண்டியது இதுதான். ஈயமும் காட்மியமும் ஏறிய கரியைச் செடிக்கு உரமாகப் போடக் கூடாது. மண்ணில் அமிலம் கூடினால் அது கீரைக்கும் நிலத்தடி நீருக்கும் இறங்கும். அடுப்பில் எரிக்கக் கூடாது. பாதரசமும் காட்மியமும் ஆவியாகி வீட்டுக் காற்றில் கலக்கும், மற்றவை சாம்பலில் செறிந்து நிற்கும். நீர்த்த அமிலத்தால் கழுவிக் கரியை மறுபடி பயன்படுத்தலாம் என்பது உண்மை. ஆனால் அந்த அமிலத்தில் உலோகம் பன்மடங்கு செறிவாக இருக்கும் என்பதால், அதை மீட்கும் வசதி உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும்.

பட்டறைகளின் உலோகம் ஏறிய கரி, 2016ஆம் ஆண்டு அபாயகர மற்றும் பிற கழிவுகள் விதிகளின்படி கையாளப்பட வேண்டியது. மூடிய கலத்தில், மழை படாமல், பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்து, கும்மிடிப்பூண்டியில் இயங்குவது போன்ற அங்கீகாரம் பெற்ற கழிவு மேலாண்மை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கரிப் படுகை வைக்கும் திட்டத்தோடு யாராவது உங்களிடம் வந்தால், இத்தனை கிலோ கரி எத்தனை மாதத்தில் நிறையும், நிறைந்ததை யார் எடுத்துப்போவார், அந்தச் செலவு யாருடையது என்ற மூன்றுக்கும் எழுத்தில் விடை வாங்குங்கள்.

எங்கள் தெருத் தண்ணீரைப் பரிசோதிக்க எப்படி எடுத்துப்போக வேண்டும்?

தேசிய அங்கீகாரமான என்ஏபிஎல் சான்று பெற்ற ஆய்வகத்தை முதலில் அழைத்து, கன உலோகங்களுக்கான குப்பியை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். உலோகம் குப்பியின் சுவரில் ஒட்டாதிருக்க நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குப்பியை அலசிவிடாதீர்கள். பாதரசத்துக்குத் தனிக் குப்பி வேண்டுமா என்றும் கேளுங்கள். குழாயில் இரவு முழுவதும் தங்கிய நீரைக் காலையில் முதலில் ஒரு குப்பியிலும், ஐந்து நிமிடம் ஓடவிட்டபின் வருவதை இன்னொரு குப்பியிலும் பிடியுங்கள். முதல் குப்பியில் மட்டும் ஈயம் மிகுந்திருந்தால் உங்கள் வீட்டுக் குழாயைச் சந்தேகிக்கலாம்; இரண்டிலும் இருந்தால் வரும் நீரிலேயே இருக்கிறது. அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால் அத்தோடு திரும்பிவிடாமல், அவர்கள் கருவி காணக்கூடிய மிகக் குறைந்த அளவு எவ்வளவு என்று கேளுங்கள். அந்த அளவு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், ஈயத்தைப் பொறுத்தவரை அந்த அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது; வேறு ஆய்வகத்தில் மறுபடி கொடுக்க வேண்டும்.